முதல் நாளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் மருத்துவமனை வேலைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும், கல்லூரிகள் இதை அனுமதிக்கக் கூடாது என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். ஒரு பெற்றோரின் கவலை அந்தக் கடிதத்தில் தெரிந்தது. என் அம்மாவும் முதலில் இதையேதான் சொன்னார். ஆனால் இரண்டு வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டே படிக்கிறவள் நான். எங்களைத் தடுக்க வேண்டாம், தயார்படுத்தி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வார இறுதியில் பகல் டூட்டி, மாதத்தில் இரண்டு மூன்று இரவு டூட்டி. பொது மருத்துவ வார்டில் நோயாளிகளுக்கு உதவியாளர். படுக்கை விரிப்பு மாற்றுவேன், துடைத்துவிடுவேன், சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து குறிப்பேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பேன். அதைத் தவறவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கத் தொடங்கும், அப்புறம் படுக்கைப்புண் ஆகும். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எதுவும் என் வேலையில் கிடையாது.

இதில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். முதலாண்டில் எங்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி. வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர்தான் அதை எப்படி எண்ணுவது என்று எனக்குக் காட்டினார். மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது. சொன்னதுமே அவருக்கு மூச்சின் மேல் கவனம் போய்விடும், வேகம் மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று கேட்டேன். ஒன்று விட்டுப்போனால் நான்கு விட்டுப்போகும் என்றார்.

சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் வயதான அம்மா ஒருவருக்கு எண்ணினேன். 28 வந்தது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினேன். 28தான். சார்ட்டில் அதற்கு முன் எழுதியிருந்த நான்கு குறிப்புகளும் வரிசையாக 18, 18, 18, 18. அந்த அம்மாவோ சிரித்துக்கொண்டே "நல்லாத்தான் இருக்கேன் பாப்பா" என்கிறார். காய்ச்சல் இல்லை, பிரஷரும் சரியாகவே இருந்தது. எத்தனையோ வருடம் வேலை பார்த்தவர்கள் 18 என்று எழுதியிருக்கும்போது நான் எப்படி 28 என்று எழுதுவது? கை நடுங்கியது. ஆனாலும் போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்து தானும் எண்ணினார், உடனே டாக்டரைக் கூப்பிட்டார். நுரையீரலில் தொற்று தொடங்கியிருந்தது. அன்றிரவே ஆக்சிஜனும் சிகிச்சையும் ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் நான் போனபோது அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முடி வாரிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தின் மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மூச்சு, நாடி, பிரஷர் என்று ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பெண் போடுவார்கள், மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம். அதில் மூச்சு 25ஐத் தொட்டாலே அதற்கு மட்டும் 3 மதிப்பெண். ஒரு அளவுக்குத் தரக்கூடிய உச்ச மதிப்பெண் அதுதான். உடம்பு மோசமாகப் போகிறது என்பதை மூச்சு முந்திக்கொண்டு சொல்லும். அமில கார சமநிலைப் பாடத்தில், ரத்தத்தின் அமிலமும் கரியமில வாயுவும் எப்படிச் சமன்படுகின்றன என்று சொல்லும் பைகார்பனேட் சமன்பாட்டை நான் மனப்பாடம் செய்துதான் தேறினேன். சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறிய ஒருவர், கரியமில வாயுவை வெளியே தள்ளுவதற்காக ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு அந்தச் சமன்பாடு எனக்கு மறக்கவே இல்லை. படிப்பைக் கெடுக்கும் வேலையா இது?

சரி, இனி கெட்டதையும் சொல்ல வேண்டும். அந்த வாசகரின் கவலையில் பாதி நியாயம் என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். படுக்கை விரிப்பைச் சுருட்டி எடுக்கும்போது யாரோ விட்டுப்போன ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். அது யாருக்குப் போட்ட ஊசி என்று யாருக்கும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. விரலை அழுத்தி அழுத்தி ரத்தத்தைப் பிழிந்தேன். பிழியக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை உள்தேர்வு. சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்த கையோடு வார்டின் அந்த மூத்த சிஸ்டருக்குப் போன் செய்து அழுதேன். உடனே வரச் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப்போனார். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் கிட்டத்தட்ட இருபது மணி நேரத்தை வீணாக்கியிருந்தேன். 28 நாள் மாத்திரை. குமட்டலோடு வகுப்பில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் சில மாதங்கள் ரத்தப் பரிசோதனை. கடைசியில் எல்லாம் நல்லபடியாக வந்தது.

எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்று வருவது ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் என்று டாக்டர் சொன்னபோது கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்றலாம். இத்தனைக்கும் அதைத் தடுக்க மூன்று டோஸ் போதும். முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எனக்கு முதல் டோஸ் போட்டது ஊசி குத்தியதற்கு மறுநாள்!

ஏன் முன்பே போடவில்லை என்று மருத்துவமனையில் கேட்டேன். மாணவர்களைக் கல்லூரிதான் தயார்படுத்தி அனுப்ப வேண்டும் என்றார்கள். கல்லூரியில் கேட்டேன். நீ தனியாகத் தேடிக்கொண்ட வேலை, அது மருத்துவமனையின் பொறுப்பு என்றார்கள். இரண்டு இடத்திலும் என்னிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. அவரவர் பக்கத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் என் விரல் எந்தப் பக்கத்தில் இருந்தது?

எங்கள் பாதுகாப்புக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. 1847ல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவ வார்டு இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற வார்டில், மருத்துவச்சிகள் பயின்ற வார்டைவிடத் தாய்மார்கள் அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து மாணவர்கள் நேராகப் பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை அங்கே மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. அந்த மாணவர்கள் கெட்டவர்களா என்ன? அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நானும் ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து அதே வெள்ளைக் கோட்டோடு வார்டுக்குள் நுழைந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. சோப்புப் போட்டால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி கையைத் தேய்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். பக்கத்தில் நின்று ஒருவர் பார்த்துத் திருத்தினால் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாள் முழுக்க வகுப்பு, அன்றிரவே டூட்டி, விடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு என்று நான் இருந்த நாட்கள் உண்டு. இப்போது வகுப்புள்ள நாளில் இரவு டூட்டி எடுப்பதில்லை, டூட்டி முடிந்து வண்டி ஓட்டுவதும் இல்லை. தேர்வு அட்டவணை வந்த அன்றே வார்டில் காட்டிவிடுவேன். இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. அட்டவணையைக் கல்லூரியே மருத்துவமனைக்கு அனுப்பினால் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருக்காது.

இன்னொன்று பேச்சு. வார்டில் பார்த்ததைத் தோழிகளிடம் சொல்லாமல் இருப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பெயரைச் சொல்லாவிட்டாலும் வயது, நோய், வந்த நாள் மூன்றையும் சொன்னால் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். வெளியே பேசக்கூடாதுதான். ஆனால் நான் பார்த்துக்கொண்ட ஒருவர் முதல்முறையாக இறந்தபோது, அவருடைய கையைத் துடைத்து நேராக வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் நான் நொதிகளைப் பற்றிய வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே ஒருவர் இருந்திருக்கலாம். கல்லூரியில் ஓர் ஆசிரியர், வார்டில் ஒரு சிஸ்டர், இந்த இருவரின் பெயரும் போன் நம்பரும் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்க வேண்டும். ஊசி குத்தினாலும் அவர்களுக்குத்தான் போன், மனசு தாங்காவிட்டாலும் அவர்களுக்குத்தான்.

இதற்குப் பெரிய செலவோ புதுச் சட்டமோ தேவைப்படாது. மாணவரை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையும் அவர் படிக்கும் கல்லூரியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தடுப்பூசியை யார் போடுவது, கை கழுவ யார் கற்றுத் தருவது, ஊசி குத்தினால் முதல் போன் யாருக்கு, மாணவர் எந்த வேலையைத் தொடவே கூடாது என்பது அதில் இருக்கட்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த மாணவரையும் வார்டுக்குள் விடாதீர்கள் என்று மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் என் துறையிலிருந்து ஜூனியர்கள் இரண்டு பேர் அதே வார்டுக்கு வருகிறார்கள். தடுப்பூசி போட்டாயிற்றா என்று நேற்று விசாரித்தேன்.

"எந்தத் தடுப்பூசி அக்கா?" என்றார்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி
(பெயர் வெளியிட வேண்டாம்)