மூணாம் பருவம் ஆரம்பிச்சாச்சு, உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன்

26-1-2025
ஞாயிறு ராத்திரி

அன்பு தோழிக்கு,

எப்படிடி இருக்க? அம்மாவுக்கு கால் வலி கொறஞ்சிருக்கா? பொங்கலுக்கு நீ போன் பண்ணப்ப வீடு பூரா ஆளுங்க, சரியா பேசவே முடியல, அப்பவே நெனச்சேன் இவளுக்கு ஒரு நாள் உக்காந்து நிதானமா எழுதணும்னு. இன்னைக்கு காலையில ஸ்கூல்ல கொடியேத்தி, பசங்களுக்கு மிட்டாய் குடுத்து, மதியம் கிராம சபைக்கு போய் காம்பவுண்ட் சுவர் மனுவை குடுத்துட்டு வந்து இப்பதான் ஃப்ரீ ஆனேன். ஞாயித்துக்கிழமைல, யாரு வருவாங்கன்னு நெனச்சேன், ஆனா 47 பேர்ல 38 பேர் தலைக்கு எண்ணெய் வெச்சு படிய வாரி வந்து நின்னாங்கடி. வராத ஒம்போது பேரைப் பத்திதான் இந்த லெட்டரே.

மொதல்ல வெள்ளத்தை சொல்லிடறேன், நீ அன்னைக்கு டிவில பாத்துட்டு பதறிப்போய் கேட்ட. நாம ட்ரெயினிங் படிச்ச மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழைன்னா பாத்துக்கோ, நாம ஹாஸ்டல்ல இருந்த ரெண்டு வருஷத்துல அப்படி ஒரு மழையை பாத்திருப்போமா? அது டிசம்பர் 1. மறுநாள் விடியகாலம் சாத்தனூர் டேம்ல 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தெறந்து விட்டாங்க, தென்பெண்ணை ரெண்டு கரையும் தாண்டி வந்துடுச்சு. எங்க ஸ்கூல் கொஞ்சம் மேடு, அதனால வகுப்பறைல முழங்கால் அளவுதான். ஆனா காலனி வீடுங்கல்லாம் ஜன்னல் வரைக்கும். தண்ணி வடிஞ்சதும் போய் பாத்தா பீரோல கீழ்த்தட்டுல இருந்த ரெஜிஸ்டர், கதை புக்கு, சின்ன வகுப்புக்கு படிக்க, கணக்கு போட சொல்லித்தர்ற எண்ணும் எழுத்தும் திட்ட கார்டு எல்லாம் சேறு ஒட்டி ஒண்ணோட ஒண்ணு பிரியாம செங்கல் மாதிரி ஆயிடுச்சு. 1970கள்ல எழுதின அட்மிஷன் ரெஜிஸ்டர் மேல்தட்டுல இருந்ததால தப்பிச்சுது, அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதுட்டேன்டி. இந்த ஊரு பாட்டிங்க பேரெல்லாம் அதுலதான இருக்கு.

அதனால எங்களுக்கு அரையாண்டு பரீட்சையே ஜனவரி 2 லேர்ந்து 10 வரைக்கும்தான் நடந்துச்சு. உங்களுக்கு டிசம்பர்லயே முடிஞ்சிருக்கும். நாங்க பரீட்சை முடிச்சு, பொங்கல் லீவு முடிஞ்சு, 20ந்தேதிதான் மூணாம் பருவத்தையே தொட்டோம். ஏப்ரல் வரைக்கும் கணக்கு போட்டா நாள் ரொம்ப கம்மி. நனைஞ்ச புக்குக்கு பதில் புது புக்கு வந்துடுச்சு, மூணாம் பருவ புக்கும் குடுத்தாச்சு, அதுல கொறை ஒண்ணும் இல்ல.

ஆனா புக்கு குடுத்துட்டா பருவம் ஆரம்பிச்சுடுமா சொல்லு. எங்க ஊருல மூணாம் பருவம்னாலே பயம்தான். மாட்டுப் பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல வேலைக்கு ஆள் கூட்டிட்டு போற மேஸ்திரி வண்டியோட வந்து நிப்பாரு. செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கு கல்லு அறுக்க ஒரு கூட்டம், கரும்பு வெட்ட ஒரு கூட்டம். திரும்பி வர்றதுக்குள்ள மே ஜூன் ஆயிடும். இந்த வருஷம் வெள்ளத்துல நெல்லு போச்சு, ஆடு போச்சு, நிவாரணம் 2,000 ரூபா எத்தனை நாளைக்கு வரும், அதனால டிசம்பர்லயே அட்வான்ஸ் வாங்காத வீடு கொறைச்சல்தான். அட்வான்ஸ் வாங்கிட்டா போய்தான் ஆகணும். அவங்களை நான் ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டேன்டி. புள்ளைங்களை மட்டும் விட்டுட்டு போங்கன்னுதான் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கேக்கறேன்.

போன புதன்கிழமை சாயந்திரம் அஞ்சாம் வகுப்பு பொண்ணு ஒருத்தி வீட்டுக்கு போனேன். நான் ஒண்ணாம் வகுப்புல கை புடிச்சு எழுத வெச்ச புள்ள. போகும்போதே அம்மா அலுமினிய பாத்திரத்தையெல்லாம் ரேஷன் அரிசி சாக்குல போட்டு கட்டிக்கிட்டு இருந்துச்சு. இவ திண்ணைல மூணாம் பருவ புக்குக்கு பேப்பர் அட்டை போட்டுக்கிட்டு இருக்கா. ஊருக்கு கெளம்பற புள்ள அட்டை போடுறா, பாரு. பக்கத்துல அவங்கப்பா ஒரு துண்டு பேப்பரை வெச்சுக்கிட்டு கணக்கு பாக்கறாரு, ஆயிரம் கல்லுக்கு இவ்ளோ கூலின்னா வாங்கின அட்வான்ஸ் கழிய எத்தனை ஆயிரம் கல்லு அறுக்கணும், வாராவாரம் செலவுக்கு வாங்கறது போக எத்தனை மாசம்னு. அவருக்கு வரல. இவ அட்டையை கீழ வெச்சுட்டு அந்த பேப்பரை வாங்கி வகுத்து, மீதி எவ்ளோன்னும் எழுதி குடுத்தா. ஒரு தப்பு இல்லடி, நான் தள்ளி நின்னு சரி பாத்தேன். அந்த மனுசன் என்னை பாத்து ஒண்ணும் பேசல, பேப்பரை மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு.

அம்மாகிட்ட பேசினேன். அது சொன்னது இதுதான், "டீச்சர், நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மண்ணு மிதிக்க போயிடுவோம், கைப்புள்ளைய யாரு பாக்கறது, அதுக்குதான் இவள கூட்டிட்டு போறேன், வேல வாங்க இல்ல." இதுக்கு என்ன பதில் சொல்றது? சட்டம் பேசினா அந்த கைப்புள்ள அழுவறது நின்னுடுமா. அப்புறம் பாட்டியை உள்ளேர்ந்து கூப்பிட்டு எல்லாரும் உக்காந்து பேசினோம். பாட்டிக்கு மாசம் 1,200 ரூபா உதவித்தொகை வருது, ரேஷன் அரிசி இருக்கு. காலையில சாப்பாடு ஸ்கூல்ல, மதியம் முட்டையோட சத்துணவு ஸ்கூல்ல, ராத்திரி ஒரு வேளைதான் பாட்டி பாக்கணும். கைப்புள்ளைய அதோட சித்தி கூட வர்றதால அவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாத்துக்கறதா முடிவு பண்ணாங்க. பேசி முடிக்க ஏழரை மணி ஆச்சு. அந்த புள்ள இருக்கறா! இன்னைக்கு கொடியேத்தத்துக்கு மொத ஆளா வந்தா, பேப்பர் அட்டை போட்ட புக்கோட.

காலை உணவு வர்றதுக்கு முன்னாடி இந்த பேச்சையே எடுக்க முடியாதுடி. எங்களுக்கு 2023 ஆகஸ்ட் 25ல ஆரம்பிச்சுது, உங்க ஸ்கூலுக்கு போன ஜூலைல தான வந்துச்சு, நீயே பாத்திருப்ப வித்தியாசத்தை. முன்னல்லாம் பாட்டிகிட்ட விட்டுட்டு போனா அந்த கெழவியும் பட்டினி, புள்ளையும் பட்டினி, பத்து மணிக்கு ப்ரேயர்ல மயங்கி விழும். இப்ப அப்படி இல்ல. சமைக்கற அம்மா எங்க ரெண்டாம் வகுப்பு பையனோட அம்மாதான், மகளிர் குழுல இருக்கு, அது ரெண்டு வருஷமா சூளைக்கே போகல. புதன்கிழமை பொங்கல் வாசனை ரோட்டுக்கு வரும், அன்னைக்கு மட்டும் அட்டெண்டன்ஸ் நூத்துக்கு நூறு.

மத்த விஷயம். எஸ்.எம்.சி., அதான் பள்ளி மேலாண்மை குழு, புதுசா அமைச்சப்ப 24 பேர், தலைவியா வந்தது நம்மகிட்ட மூணாவது படிக்கற பொண்ணோட அம்மா, அது எட்டாவதுதான் படிச்சிருக்கு ஆனா பேச ஆரம்பிச்சா ஊரே கேக்குது. வீடு வீடா என்கூட வந்தது அதுதான். முன்னாள் மாணவர்னு சேத்த ரெண்டு பசங்க சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் பாட்டிங்களோட இருக்கற புள்ளைங்களை ஸ்கூல் வராண்டாவுல உக்கார வெச்சு படிக்க வைக்கறாங்க. ஆண்டு விழா பிப்ரவரி கடைசில, கும்மியும் ஒரு நாடகமும். மார்ச் 1 லேர்ந்து புது அட்மிஷன் போடணும், அங்கன்வாடில அஞ்சு வயசு ஆன புள்ளைங்க ஏழு இருக்கு, ஏழும் இங்க வரணும். அஞ்சாவது முடிக்கற எட்டு பேரும் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஹைஸ்கூல்ல ஆறாவது சேரணும், அதுவரைக்கும் எனக்கு தூக்கம் கெடையாது. பொண்ணுங்க வீட்டுலல்லாம் புதுமைப்பெண் திட்டத்தை சொல்லி வெச்சிருக்கேன், ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளில, இல்ல அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்சாதான் காலேஜ் போகும்போது மாசம் 1,000 கெடைக்கும்னு. காலேஜுங்கற வார்த்தையை அந்த வீட்டுல யாராவது சொல்லி வெக்கணுமில்ல.

என்கிட்ட ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு இருக்கு. எண்ணும் எழுத்தும்ல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு படி இருக்கில்ல, மூணாவதுல அடிப்படி அரும்புல ஒருத்தரும் இல்ல, மொட்டுல அஞ்சு பேர், மத்தவங்க மேல்படி மலர். ஏப்ரலுக்குள்ள அந்த அஞ்சும் மலருக்கு வந்துடணும்னு ராப்பகலா அதே நெனப்பு. அஞ்சுல நாலு இங்க இருக்கு.

மீதி அந்த ஒரு பையனுக்குதான்டி உன் உதவி வேணும். அவன் வீட்டுக்கு நான் போறதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு, ஒரு நாள் முந்தி போயிருக்கணும், அது என் தப்பு. கரும்பு வெட்ட சத்தியமங்கலம் பக்கம் போயிருக்காங்க, உன் ஸ்கூல்லேர்ந்து அதிக தூரம் இருக்காதுன்னு நெனைக்கறேன். அவங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போன் நம்பர் வாங்கி இருக்கேன், தனியா உனக்கு அனுப்பறேன். எங்க குடிசை போட்டிருக்காங்கன்னு பாத்து, உன் ஸ்கூலோ இல்ல கிட்ட இருக்கற எந்த ஸ்கூலோ, அங்க உக்கார வெச்சுடு. டி.சி. இல்லன்னு யாராவது சொன்னா, அதுக்காக அட்மிஷன் மறுக்க கூடாதுன்னு கல்வி உரிமை சட்டத்துலயே இருக்குன்னு சொல்லு, மாணவர் விவரம் ஏத்தற எமிஸ் வெப்சைட்லேர்ந்து நான் இந்த பக்கம் விடுவிச்சு தந்துடறேன், எந்த நேரமும் போன் பண்ணு.

பையன் இடது கைல எழுதுவான், மாத்த விடாத. அதட்டினா பேச்சு நின்னுடும். ர, ற ரெண்டுலயும் கொழம்புவான், மத்தபடி ரெண்டெழுத்து மூணெழுத்து வார்த்தை நல்லா படிப்பான். அவன் ஒர்க்புக் என்கிட்டயே இருக்கு, 14ம் பக்கத்துல நிறுத்தி இருக்கான், நாளைக்கு கூரியர்ல உன் பேருக்கு அனுப்பறேன்.

அன்புடன்,
உன் மயிலம் தோழி