ஜோஷி யாருன்னு தெரிஞ்சுபோச்சுடா

டேய் சேகர்,

முழங்கால் வலி எப்படிடா இருக்கு? எனக்கு சுகர் மாத்திரை ஒண்ணு கூடிப்போச்சு, டாக்டர் நட நடன்னு உயிரை வாங்குறதால காலைல அஞ்சரைக்கே நம்ம மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பார்க்குக்குப் போயிடுறேன், நம்ம பெஞ்ச் இருந்த மூலைல இப்ப லாஃபிங் கிளப் ஆளுங்க நின்னு ஹா ஹான்னு கத்துறாங்க, அவங்களப் பாத்தே எனக்கு சிரிப்பு வந்துடுறதால சந்தா மிச்சம்.

சரி, காலேஜ் டைம்ல நாம கட்டுன காபி பெட் ஞாபகம் இருக்கா? ஃபைவ் கார்டன்ஸுக்கு மஞ்சேர்ஜி ஜோஷி உத்யான்னு பேர் இருக்கே, அதுல வர்ற ஜோஷி யாருன்னு. நீ புனே பிராமணர்னு அடிச்சுச் சொன்ன, நான் குஜராத்தின்னேன். ரெண்டு பேரும் அவுட்! அவர் பார்சிடா. மஞ்சேர்ஜிங்கிற பேருலயே தெரிஞ்சிருக்கணும், நாம ஜோஷிய மட்டும் பிடிச்சுத் தொங்கியிருக்கோம்.

1896ல பாம்பேல பிளேக் வந்துச்சில்ல, மாண்ட்வி பக்கமெல்லாம் காத்து வெளிச்சமே இல்லாம ஜனங்க நெருக்கியடிச்சு இருந்ததால பயங்கர சாவு, அதுக்கப்புறம்தான் 1898ல இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பக்கம் அகல ரோடு போட்டு புது ஊரே பிளான் பண்ணாங்க. நம்மூர் ஆளுங்க மாதுங்கால வந்து ஒக்காந்ததும் அந்த ஸ்கீம் போட்ட பாதைலதான். அந்த டிரஸ்ட்ல இன்ஜினியரா இருந்தவர் இந்த ஜோஷி. நடுத்தர பார்சிங்களுக்குன்னு வெள்ளைக்காரன்கிட்ட பேசிப் பேசி 103 மனை ஒதுக்க வெச்சிருக்கார், அதுதான் நம்ம தாதர் பார்சி காலனி, லீஸ் எத்தனை வருஷம் தெரியுமா, 999! எங்க ஓனர் பதினோரு மாச அக்ரிமென்ட்டுக்கே முனகுறான்.

கட்டடம் ரெண்டு மாடிக்கு மேல கூடாதுன்னு வெச்சதோட, தெருவுக்குத் தெரு வேற வேற மரம்னு அவரே பிளான் பண்ணியிருக்கார், பாத்தா ஒரே மாதிரி போரடிக்கக் கூடாதாம். ஜாமே ஜம்ஷெத் ரோட்ல அசோக மரம், ஃபிர்தௌசி ரோட்ல மஹாகனி. பார்சிங்க மட்டும் குடியிருக்கிற மத்த காலனிங்க, அதான் பார்சி பாக், அது மாதிரி சுத்துச்சுவர், கேட் எதுவும் இங்க இல்ல பாரு, அதனாலதானடா நாம ஸ்கூல் விட்டதும் பையோட நேரா உள்ள பூந்து, மரத்துலேர்ந்து விழுற அந்த ரெக்கை வெச்ச விதைய பொறுக்கி ஹெலிகாப்டர் விட்டோம், அதுதான் மஹாகனி விதை, எனக்கே இப்பதான் தெரியும்.

தோத்தது ரெண்டு பேரும்ங்கிறதால காபி பில்லு யாருதுன்னு நீ வரும்போது சண்டை போட்டுக்கலாம். கவர்ல நாலு விதை வெச்சிருக்கேன், நடுறேன் கிடுறேன்னு ஆரம்பிக்காத, உன் பால்கனில அதுக்கு இடம் பத்தாது, மொட்டை மாடிக்குப் போய் ஒண்ண மேலேர்ந்து விட்டுப் பாரு. நேத்து நான் விட்டேன், நல்லாவே சுத்துது.

உன்,
மணி