பிரசங்கம் வராவிட்டால் என்ன, தம்பி

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காகக் குடும்ப ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரியில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். வாலிபர் கூடுகையில் உன்கூட இருந்தவர்கள் மேடையேறிப் பேசுகிறார்கள், நான் தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்பு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ எழுதியதை அம்மாவும் நானும் திரும்பத் திரும்ப வாசித்தோம். அழைப்பு உண்டானால் தாராளமாகப் போ. ஆனால் உன் எழுத்தில் எனக்கு அழைப்பு தெரியவில்லை. பேச வரவில்லையே என்கிற கூச்சம்தான் தெரிகிறது.

யாத்திராகமம் 31-ஐ எடுத்து வாசி. ஆசரிப்புக் கூடாரம் என்கிற ஆராதனைக் கூடாரத்தைச் செய்யக் கர்த்தர் பேர்சொல்லி அழைத்தது பெசலெயேலை. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். அவன் பிரசங்கம் பண்ணியதாக வேதத்தில் எங்கும் இல்லை.

டாக்டர் பால் பிராண்டை உனக்குத் தெரியும். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், டாக்டருக்குப் படிக்கும் முன்னே கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து, நல்ல தசைநாணை மாற்றி வைத்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்குப் பிழைப்பு வேண்டுமே என்று நோயாளிகளுக்குத் தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தார். காலில் புண் வராத செருப்புக்காக அவரும் கூட இருந்தவர்களும் எத்தனையோ வகை செய்து பார்த்தார்கள். அந்த வழியில் வந்த வேலைதான் உன் கையில் இருக்கிறது.

போன வருஷம் அங்கே வந்தபோது பார்த்தேன். ஒரு பாட்டியின் காலைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தாய். பெருவிரலுக்குக் கீழே இருந்த பழைய புண் தழும்பைத் தடவிப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் ஷீட்டைக் குடைந்தாய். வார் போட்டு நடக்கவிட்டு, மறுபடி கழற்றி, பாதம் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தாய். மரத்துப்போன கால், உறுத்தினாலும் அவளுக்குத் தெரியாது, நாமதான் பார்க்கணும் என்றாய். அந்தக் காலைத் தொட அவள் வீட்டில் ஆளில்லை என்றும் சொன்னாய். இதைவிடப் பெரிய ஊழியத்தை நான் உனக்குக் கேட்டு ஜெபித்ததில்லை, தம்பி.

பேதுருவும் அவனவன் பெற்ற வரத்தின்படியே உதவிசெய்யுங்கள் என்றுதான் எழுதுகிறார். அடுத்தவனுக்குக் கிடைத்த வரத்தைப் பார்த்து ஏங்கச் சொல்லவில்லை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சம்பள நேரத்தோடு உன் வரத்தை நிறுத்திவிடாதே.

நம் சபையின் அசன விருந்துக்கு லீவு போட்டு வருகிறாய் அல்லவா? நம் சேகரத்துச் சபைகளில் சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கும் இதே செருப்புதானே வேண்டும்? போதகர் ஐயரிடம் பேசிவிட்டேன். ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி அறையைத் திறந்து தருகிறேன் என்றார். ஷீட்டும் பசையும் அங்கிருந்தே வாங்கி வா, பணம் அனுப்புகிறேன். எவ்வளவு ஆகும் என்று உடனே எழுது.

அன்புள்ள அப்பா