விளையாட்டை உருவாக்குபவருக்கும் ஒரு விருது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை பிறந்தால் கரம், சதுரங்கம், 304 சீட்டாட்டம் என்று போட்டி வைத்து ஆடி வென்றவருக்குக் கோப்பை கொடுக்கிறோம். புதிதாக ஒரு விளையாட்டை யோசித்து, விதி எழுதி, அட்டை வெட்டி, நாலு பேரை இருத்தி ஆடவைத்துத் திருத்துபவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. தமிழ் விதிப் புத்தகத்தோடு வரும் மேசை விளையாட்டுகளுக்கு, ரசிகர்களே நடத்தும் விருது ஒன்று திருகோணமலையில் தொடங்க வேண்டும். அதை நடத்தும் முறையையும், எங்கே பிழைக்கும் என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பணம். ஜேர்மனியில் ஆண்டின் சிறந்த மேசை விளையாட்டுக்கு 1979 முதல் வழங்கப்படும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதுக்குப் பரிசுத் தொகை கிடையாது. வென்ற விளையாட்டின் பெட்டியில் விருதுச் சின்னத்தைப் போட வெளியீட்டாளர் உரிமக் கட்டணம் கட்டுகிறார். அந்த வருமானத்தில் அமைப்பு ஓடுகிறது. சின்னத்தைப் பார்த்து மக்கள் வாங்குவதால் அவரும் மனமுவந்து கட்டுகிறார். முதலாம் ஆண்டில் நம் சின்னத்துக்கு அந்த மதிப்பு இராது. ஆகவே ரசிகர்களின் சிறு பங்களிப்புத்தான் வழி. 40 பேர் தலைக்கு 3,000 ரூபா தந்தால் 120,000 சேரும். மாதச் சந்தாவாக வாங்க வேண்டாம். அது மூன்றாம் மாதத்தோடு தேய்ந்துவிடும். 1,500 ரூபாவாக இரண்டு தவணை நல்லது. இதில் 60,000 வென்ற விளையாட்டை அச்சிடுவதற்கு, 30,000 மண்டபத்துக்கும் மேசை கதிரைக்கும், 18,000 பெட்டி, போக்குவரத்து, வாக்குச்சீட்டுக்கு. மிச்சம் 12,000 கடைசி வரை கைவைக்காத பணம். பொன்னாடைக்கும் பளபளக்கும் கோப்பைக்கும் இதில் இடமில்லை. விருது பெற்றவரின் விளையாட்டு அச்சகத்திலிருந்து பெட்டி பெட்டியாக வெளியே வருவதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

தனியொருவரிடமோ கடையிடமோ மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. போட்டியில் விளையாட்டு உள்ளவரிடமும் அதை விற்பவரிடமும் ஒரு சதமும் வாங்கக் கூடாது. பணம் தந்தவரே வென்றால், அவர் நேர்மையாக வென்றிருந்தாலும் ஊர் நம்பாது. பதிவும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே உள்ள சனசமூக நிலையம் ஒன்றின் கீழ் இதை நடத்தினால், காசு எவருடைய சொந்தக் கணக்குக்கும் போகாது. காசோலைக்கு மூவரில் இருவர் கையொப்பம் போதும்.

நடுவர் முறைக்கு, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்காக 2001இல் இணையத்தில் தொடங்கிய என்னீஸ் விருது நல்ல முன்மாதிரி. அங்கே ஐந்து நடுவர்களை ரசிகர்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். நடுவர்கள் இறுதிப் பட்டியலைத் தர, வெற்றியாளரைப் பொதுமக்கள் தீர்மானிக்கிறார்கள்.

இதில் பலரும் மறப்பது பிரதிகளை. நடுவர் ஐவருக்கும் தனித்தனிப் பிரதி கேட்டால், கையால் வெட்டி ஒட்டும் மாணவர் பதிவே செய்யமாட்டார். இரண்டு பிரதி போதும். 12 விளையாட்டுகள் வந்தால் நாலு நாலாக மூன்று தொகுதி, தொகுதிக்கு இரண்டு பெட்டி. மூன்று கிழமைக்கு ஒருமுறை பெட்டிகள் கைமாறினால், ஐவரும் எல்லாவற்றையும் ஒன்பது கிழமையில் ஆடி முடிக்கலாம். ஒரு பிரதி மட்டும் என்றால் பதினைந்து கிழமை இழுக்கும். பெட்டிமூடியின் உட்புறத்தில் காய், சீட்டு, பகடை எத்தனை என்ற பட்டியலை ஒட்டி, கைமாறும்போதெல்லாம் இருவரும் எண்ணிக் கையொப்பமிட வேண்டும். ஒரு பகடை தொலைந்தாலும் அடுத்த நடுவர் குறைபட்ட விளையாட்டைத்தான் மதிப்பிடுவார். சீட்டுகளுக்கு ஒரு பக்கம் மட்டும் லமினேட் செய்யக் கூடாது. நம் கடற்கரை ஈரத்தை மறுபக்கம் மட்டும் உறிஞ்சி, சீட்டு வளைந்துவிடும். வளைந்த சீட்டைக் குப்புற வைத்தாலும் எது என்று தெரிந்துவிடும்.

நடுவர்கள் விதிப் புத்தகத்தை மட்டும் வாசித்து ஆட வேண்டும். செய்தவர் பக்கத்திலிருந்து விளக்கினால் எந்த விளையாட்டும் நன்றாகத்தான் ஓடும்.

சிறிய ஊரில் நடுவருக்கு உறவினரோ மாணவரோ போட்டியில் இருப்பது தவிர்க்க முடியாதது. அந்த விளையாட்டுக்கு மட்டும் அவர் விலகட்டும். புள்ளிகளைக் கூட்டினால் விலகியவரால் கணக்குக் கோணிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் 'இறுதிக்குப் போகலாம்', 'வேண்டாம்' என்று மட்டும் எழுதி, தகுதியுள்ள நடுவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நால்வரில் மூவர் ஆதரித்தது, ஐவரில் மூவர் ஆதரித்ததற்கு மேலே வரும்.

வாக்கெடுப்பில்தான் விருதுகள் கெட்டுப்போகின்றன. இணையப் படிவம் வைத்தால், பெரிய பாடசாலையின் பழைய மாணவர் வட்ஸ்அப் குழு ஒரே இரவில் முடிவை மாற்றிவிடும். நடுவர்கள் தெரிந்த இறுதி ஐந்து விளையாட்டுகளில் மூன்றையாவது ஆடியவருக்கு மட்டுமே வாக்கு என்று வையுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஆடி முடித்ததும் அட்டையில் முத்திரை. மூன்று முத்திரைக்கு ஒரு வாக்குச்சீட்டு. விளையாட்டுக்கு இரண்டு மேசை, மேசைக்கு நால்வர், ஒரு மணித்தியாலச் சுற்று ஆறு என்றால் 240 இருக்கைகள், அதாவது 80 வாக்காளர். கூடுதல் வாக்கு வேண்டுமானால் மேசையைக் கூட்டுங்கள், விதியைத் தளர்த்த வேண்டாம்.

சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடட்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. ஒரு வித்தியாசம்: அங்கே முதலிருவர் தவிர எல்லோரும் ஒரேயடியாக நீக்கப்படுகிறார்கள், இங்கே கடைசியில் உள்ளதை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த வாக்குகளை அடுத்த விருப்புக்கு மாற்ற வேண்டும். 'எதற்கும் விருது இல்லை' என்ற வரியும் சீட்டில் தேவை. விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருதில், 2015இல் அணிதிரண்டு பரிந்துரைத்தவர்களுக்கு வாக்காளர்கள் அந்த வரியால்தான் பதில் சொன்னார்கள். ஐந்து பிரிவுகளில் விருதே வழங்கப்படவில்லை.

ஆட்ட நாள் ஜூன் சனிக்கிழமை ஒன்றாக இருக்கட்டும். வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் வராமல் இது திருகோணமலை விருது ஆகாது. பெப்ரவரி முடிவில் பதிவை மூடினால், மாரி மழையில் பெட்டிகள் நனையாமல் மார்ச்சிலிருந்து நடுவர்களைச் சுற்றிவரும். ஜூனில் கச்சான் காற்று வீசும். மேற்குப் பக்க யன்னல்களை மூடாவிட்டால் சீட்டுகள் மேசையில் நில்லாது.

முடிவு வந்து இரண்டு கிழமைக்குள் வரவு செலவையும் ஒவ்வொரு சுற்று வாக்குக் கணக்கையும் வெளியிட வேண்டும். நிராகரித்த விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். சீனாவின் செங்டுவில் நடந்த 2023 ஹியூகோவில் போதிய பரிந்துரை பெற்ற சில படைப்புகள் காரணம் கூறாமல் தகுதியற்றவை எனத் தள்ளப்பட்டது 2024 ஜனவரியில் தெரியவந்தபோது, பல பத்தாண்டு கால நம்பிக்கை ஆட்டங்கண்டது.

விளையாட்டைச் செய்து திருத்த ஆறு மாதமாவது வேண்டும். பொறுப்பேற்கும் சனசமூக நிலையம் ஓகஸ்டுக்குள் முடிவெடுத்து, செப்டெம்பரில் விதிகளை அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தலுக்குத் தங்கள் பத்திரிகையில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
மேசை விளையாட்டு ரசிகர்கள் சிலர்,
திருகோணமலை.