அந்த ரெண்டு வரிய வெட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல போன வாரம் ஆர் மொழி (புள்ளிவிவரக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மொழி) பத்தி வந்த பக்கம் நல்லாருந்துச்சு. ஆனா அதுல போட்ட கோடு (கம்ப்யூட்டருக்கு எழுதுற கட்டளை வரிங்க) பாதியிலேர்ந்து ஆரம்பிக்குது, எந்தெந்த பேக்கேஜை (ரெடிமேட் ஃபங்ஷன்களோட, அதாவது கட்டளைகளோட தொகுப்பை) லோடு பண்ணணும்னு மேல இருக்க வேண்டிய வரிங்களக் காணோம், இடம் பத்தலன்னு வெட்டிட்டீங்கபோல. ஆர்ல வெட்டவே கூடாத வரி அதுதாங்க.

நான் பட்டத சொல்றேன். 38 மாவட்டத்துக்கும் சராசரி மழை எடுக்கணும், அட்டவணையை அலசுற டீப்ளையர் பேக்கேஜை லோடு பண்ணி, மாவட்டவாரியா குரூப் பண்ணி, குரூப்புக்கு ஒரு வரியா சுருக்குற சம்மரைஸ் போட்டேன், 38 வரி வந்துச்சு. அப்புறம் வேற ஒரு வேலைக்காக அதுக்குக் கீழயே பழைய ப்ளையர் பேக்கேஜையும் (எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே கட்டிங் பிளேயர், அதே பேருதான்) ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் அதே கோடை ஓட்டினா ஒரே ஒரு வரி, கன்னியாகுமரிக்கும் ராமநாதபுரத்துக்கும் சேர்த்து ஒரே சராசரி! எரர் எதுவும் இல்ல, அதான் கொடுமை. ரெண்டு பேக்கேஜ்லயும் சம்மரைஸ்னு ஃபங்ஷன் இருக்கு, கடைசியா லோடு ஆனது எதுவோ அதைத்தான் ஆர் எடுத்துக்கும், பழைய ப்ளையருக்கோ குரூப்பிங்னா என்னன்னே தெரியாது. லோடு ஆகும்போதே ப்ளையரை முதல்ல போடு, டீப்ளையரை அப்புறம் போடுன்னு சிவப்பு எழுத்துல சொல்லத்தான் செஞ்சுது, அதையெல்லாம் யாரு படிக்கிறா.

மாஸ்னு ஒரு பேக்கேஜ், அதுல வர்ற செலக்ட்ங்கிற ஃபங்ஷனும் டீப்ளையர் செலக்ட்டும் இதே மாதிரி பேர்ல மோதும், ஆனா அது எரர் அடிச்சு நின்னுடும், அந்தவரைக்கும் புண்ணியம்.

தப்பிக்கிற வழி சுலபம், பேக்கேஜ் பேர், ரெண்டு தடவ கோலன் (::), அப்புறம் ஃபங்ஷன் பேர். கிளாஸ்ல ரெண்டு முருகன் இருந்தா இனிஷியல் சொல்லிக் கூப்பிடுறோம்ல, அது மாதிரி. கான்ஃப்ளிக்டட்னே ஒரு பேக்கேஜ் இருக்கு, பேர் மோதினா தானா ஒண்ண எடுத்துக்காம எது வேணும்னு கேட்டு நிப்பாட்டிடும். 2019ல வந்த 3.6 வெர்ஷன்லேர்ந்து, லோடு பண்ணும்போதே இந்த ஃபங்ஷன் வேண்டாம்னு ஒதுக்கவும் செய்யலாம்.

என் தங்கச்சி பொண்ணு உங்க கோடை அப்படியே அடிச்சுப் பாத்துட்டு, மாமா, மாவட்டம்னு ஒரு ஆப்ஜெக்ட்டே இல்லன்னு சொல்லுதுன்னு வந்து நிக்கிறா. உங்க கோடுல இருக்கிறது வேண்டிய வரிங்கள மட்டும் எடுக்குற டீப்ளையர் ஃபில்டர், ஆனா டீப்ளையர் லோடு ஆகல, அதனால ஆர் கூடவே வர்ற ஸ்டாட்ஸ் பேக்கேஜ்ல டைம் சீரிஸுக்குன்னு (நேர வரிசைத் தகவலுக்குன்னு) அதே பேர்ல இருக்கிற ஃபில்டர் போய் மாட்டிக்கிச்சு. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டுடுங்க, இடம் வேணும்னா அந்த லேப்டாப் படத்தை சின்னதாக்கிக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி