ஆமைக் குஞ்சைத் தண்ணீர் வாளியில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமை) குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வருவது நல்ல பழக்கம். பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வடக்கே, ஆந்திரப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டா தடைசெய்யப்பட்ட பகுதி. அதனால் வேடிக்கை பார்க்க இந்தக் கரைதான். ஆனால், விடும் முறையில் சில கோளாறுகளைத் திருத்த வேண்டும்.

மாலை நிகழ்ச்சிக்காக, விடியற்காலையில் வெளிவந்த குஞ்சுகளைத் தண்ணீர் வாளியில் போட்டு வைப்பதுதான் பெரிய தவறு. மணலை விட்டு வெளியே வந்த குஞ்சு ஓயாமல் துடுப்படிக்கும். கரையோரத்து மீன், நண்டு, காக்கைக்குத் தப்பி ஆழத்துக்குப் போக அந்த வேகம்தான் கைமுதல். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் எரிபொருள். வாளிக்குள்ளேயே நீந்தித் தீர்த்துவிட்டால் கடலில் எதை வைத்து நீந்தும்? மணலை விட்டு வெளிவந்த இரவிலேயே விட்டுவிட வேண்டும். தவிர்க்க முடியாமல் சிறிது நேரம் வைப்பதானால், ஈர மணல் பரப்பிய கூடையில், நிழலில், இருட்டில் வையுங்கள். தண்ணீர் கூடாது.

அலையில் கொண்டுபோய் எறிவதும் வேண்டாம். ஐந்தாறு மீட்டர் தள்ளி மணலில் விட்டால் தானே ஊர்ந்து போகும். அதற்குமுன் காலடிக் குழிகளைப் பலகையால் சமன்செய்யுங்கள். நமக்கு அது வெறும் தடம். இரண்டு அங்குலக் குஞ்சுக்குப் பள்ளத்தாக்கு. பார்ப்பவர்கள் குஞ்சுகளுக்குப் பின்னால் நிற்கட்டும், கடலுக்கும் அவற்றுக்கும் நடுவில் அல்ல. செல்போன் விளக்கு அறவே கூடாது. வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி அவை உங்கள் பக்கமே திரும்பும்.

கூடு விஷயம் இன்னும் நுட்பமானது. சுமார் 45 செ.மீ. ஆழத்தில், குடுவை போன்ற குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே தாய் ஆமை ஊர்ந்த தடத்தைக் கண்டால் குச்சியால் குத்தித் தேடாதீர்கள். தடத்தை அழிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. ஆர்வத்தால் தோண்டினாலும் குற்றம்தான்.

முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் நடத்துபவர்களுக்கு ஒன்று. சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம் பிறக்கும். மிகவும் கூடினால் முட்டை வெந்துபோகும். பங்குனி வெயில் ஏறியதும் மேலே தென்னங்கீற்று வேயுங்கள், காற்றோட்டம் விட்டு.

கடலைப் பார்த்து எரியும் தெருவிளக்குகளைத் தை முதல் வைகாசி வரை இரவில் அணைப்பது ஊராட்சிகளின் கையில் இருக்கிறது. அணைக்க முடியாத இடத்தில், கடல் பக்கம் தகரத் தடுப்பு பொருத்தி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தால் போதும்.

கடலோர வாசகர்கள்,
பழவேற்காடு