பேப்பரில் வராத சாம்பியனைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பேரைப் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பேரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும், அது போதும்.

விஷயம் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர் விளையாட்டு' என்று ஒரு ஆல்பம் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பேப்பர் கட்டிங் ஒட்டி, கீழே ரெண்டு ரெண்டு வரி எழுத வேண்டும். கிளாஸில் எல்லோரும் கிரிக்கெட் பண்றாங்க, வேற ஏதாவது சொல்லுங்க மாமா என்றான். நம்ம நேரு ஸ்டேடியத்துல ஆடின ஒரு ஃபுட்பால் டீம் ஐ-லீக் ஜெயிச்சு இந்தியாவுக்கே சாம்பியன் ஆச்சு, அதைப் போடு என்றேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கோயமுத்தூர்லயா? கதை விடாதீங்க மாமா. அப்படி நடந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

அவன் மேல் தப்பே இல்லை. அப்போது அவன் ஒண்ணாவதோ ரெண்டாவதோ. பிறகு அவனுக்கு யார் சொன்னார்கள்? ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கிற கடைகளுக்குப் பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன், வ.உ.சி. பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறோம், நானே சொன்னதில்லையே.

எங்கள் வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போட அப்பா விடமாட்டார் என்பதால் பரணில் தேடினால் கிடைத்துவிடும் என்று தைரியமாக ஏறினேன். 2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கிடைத்தது. விளையாட்டுப் பக்கம் முழுக்க அன்றைக்கு மொகாலியில் நடக்கவிருந்த ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. பக்கத்திலேயே இன்னும் ரெண்டு வாரத்தில் ஆரம்பிக்கப்போகிற ஐபிஎல்லுக்கு யார் யார் வலைப்பயிற்சிக்கு வந்தார்கள் என்று படத்தோடு ஒரு செய்தி. நம்முடையது எங்கே என்று பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பாத குறைதான், கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரத்துக்கு மேலே கட்டம் கட்டி நாலே வரி. ஸ்கோர் இருந்தது. கோல் போட்டவன் பேர் இல்லை. கோவையில் நடந்தது என்பதும் இல்லை! அந்தப் பேப்பரின் கோவைப் பதிப்பில்தான் இந்தக் கூத்து. மறுநாள் பேப்பரில் ஏதாவது இருக்கும் என்று பார்த்தால், நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், அப்புறம் யார் ஃபுட்பாலைத் தேடுவார்கள்.

அந்த நாலு வரியைப் படம் பிடித்து, வேறு யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு நான் நாலு பேருக்கு அனுப்பினேன். நீங்கள் நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று நாளில் என் போனில் இடம் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீமின் பேர் சென்னை சிட்டி, சொந்த மைதானம் கோவை. இந்தப் பேர்தான் வினை என்று இப்போதும் நினைக்கிறேன். 2017ல் சென்னையிலிருந்து ஐ-லீக்குக்குள் நுழைந்தவர்கள், அடுத்த சீசனிலேயே நம் ஊருக்கு வந்துவிட்டார்கள். சென்னையில் இருக்கிற விளையாட்டு நிருபர்களுக்கு அது கோயமுத்தூர் டீம். கோயமுத்தூர் நிருபர்களுக்கு அது சென்னை டீம். ரெண்டு வீட்டுக்கும் விருந்தாளி, ரெண்டு வீட்டிலும் இலை போடவில்லை. பட்டம் ஜெயித்த 2018-19 சீசன் நடுவில் நான் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்து ஏன் சார் எதுவுமே போடுவதில்லை என்று கேட்டேன், "வாசகர்கள் கேட்கிறதில்லைங்க" என்றார்கள். நான் வாசகன்தானே சார், நான்தானே கேட்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

அதே சீசனில், நாட்டின் இன்னொரு பெரிய ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல்லில் ஆடிய 'சென்னையின் எஃப்சி' என்ற டீம் கடைசி இடத்தில் முடித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவர்கள் சாம்பியன், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அவர்கள் ரசிகன்தான். ஆனால் கடைசி இடத்துக்கு ஒவ்வொரு வாரமும் அரைப்பக்கம், முதல் இடத்துக்கு நாலு வரி என்பது எந்த ஊர் கணக்கு? ஐ-லீக் பக்கம் டிவியும் சரியாகத் திரும்பவில்லை. டிசம்பர் கடைசியில், மிச்சம் இருக்கிற ஆட்டங்களில் சிலதை மட்டும்தான் காட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டத்தை நோக்கி ஓடுகிற டீமை அதன் ஊர்க்காரனே டிவியில் பார்க்க முடியாத நாள்கள் இருந்தன.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி கொல்கத்தாவிலிருந்து எழுதிய ஈஸ்ட் பெங்கால் ரசிகருக்கு. தம்பி, உங்களுக்குத் தமிழ் தெரியாது, யாராவது படித்துச் சொல்லட்டும். நம் டீம் 43 புள்ளி, உங்கள் டீம் 42. ஒரே ஒரு புள்ளியில் போனது. கடைசி நாள் காலையில் நமக்கு 40, உங்களுக்கு 39, நாங்கள் கோவையில் மினர்வா பஞ்சாபுடன், நீங்கள் கோழிக்கோட்டில் கோகுலத்துடன், ரெண்டும் ஒரே நேரத்தில். எங்கள் மேட்சில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டபோது நீங்கள் அங்கே எப்படிக் குதித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பிறகு கோகுலம் உங்களுக்கு எதிராகக் கோல் போட்டதும் நாங்கள் இங்கே அப்படித்தான் குதித்தோம். கடைசியில் உங்கள் டீமும் 2-1 என்று ஜெயித்தது, ஜெயித்தும் பட்டம் இல்லை. அந்த வயிற்றெரிச்சலில் உங்கள் ஊர் வங்காளப் பேப்பர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. கோவை ஸ்டேடியத்தின் படம் அதில் இருக்கிறது, நம் டீமின் மான்சி பெனால்டி அடிக்கிற படம் இருக்கிறது, ஒவ்வொரு கோலும் எத்தனாவது நிமிடம் என்று இருக்கிறது. என் ஊர் ஜெயித்ததை நான் வங்காளத்தில்தான் விரிவாகப் பார்த்தேன், அதுவும் தோற்ற ஊர்க்காரன் ஆறு வருடத்துக்கு மேல் பத்திரமாக மடித்து வைத்திருந்த பேப்பரில். "வலித்தது, அதனால் தூக்கிப்போடவில்லை" என்று நீங்கள் அனுப்பிய வரியை மருமகன் ஆல்பத்தில் அப்படியே எழுதிவிட்டான். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே.

அடுத்தது உக்கடத்துப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் சேட்டனுக்கு. கோழிக்கோட்டு மேட்ச் என்பதால் மலையாளப் பேப்பரில் நம் செய்தியும் சேர்ந்து வந்திருக்கிறது, அதை ஊரிலிருந்து மச்சானை எடுக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் நடந்த சமயத்தில் கேலரியில் பாதிப் பேர் நம் ஊரில் வேலை செய்கிற, படிக்கிற மலையாளிகள்தான் என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்வோம். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் கோல் விழுந்தால் முதலில் எழுகிற குரல் எந்த மொழி என்று காதால் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பி.டி. மாஸ்டர், உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது. ரிட்டயர் ஆன பிறகும் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு சொந்தக் காசில் மேட்சுக்கு வந்தவர் நீங்கள். நீங்கள் அனுப்பிய அந்த 40 பக்க நோட்டை அப்படியே ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன். 2018 அக்டோபர் 26, இந்தியன் ஆரோஸ், 4-1, மான்சி மூன்று கோல் என்று முதல் பக்கத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். கோல் கணக்கு மட்டும் என்றால் யாரும் தேடி எடுத்துவிடலாம். நீங்கள் எழுதியிருப்பது வேற. 'நெஸ்டர் பந்து வாங்குவதற்கு முன் ரெண்டு தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறான், பசங்களிடம் சொல்ல வேண்டும்.' 'எட்வின் நம்ம தமிழ்நாட்டுப் பையன், இவ்வளவு ஓடுகிறவனை நான் பார்த்ததில்லை.' 'ரொமாரியோ சைடில் போனால் நிறுத்த ஆள் இல்லை.' சிங்கப்பூரிலிருந்து வந்த கோச் அக்பர் நவாஸ் பந்தைக் கீழேயே வைத்து ஆடச் சொல்கிறார், கோல்கீப்பர்கூடத் தூக்கி அடிப்பதில்லை, நம் பள்ளி டீமில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் முழுக்க யோசித்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய சீசனில் தட்டுத்தடுமாறித் தப்பித்த டீம், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த நாலு பேரையும் நம் ஊர்ப் பையன்களையும் வைத்து எப்படி 20 ஆட்டத்தில் மூன்றில் மட்டும் தோற்றது என்பதை இந்த நோட்டைவிட நன்றாக வேறு எங்கும் நான் படிக்கவில்லை. விளையாட்டு நிருபர் செய்ய வேண்டிய வேலை மாஸ்டர் அது.

நிருபர் என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஒரு இளம் நிருபர், பெண், விளையாட்டுப் பகுதியே அவருடையது கிடையாது, மாநகராட்சிச் செய்தி பார்ப்பவர். லீவு நாளில் மைதானத்துக்கு வந்து எழுதிக் கொடுப்பார், பாதி நாள் வராது, வந்தால் பெட்டிச் செய்தியாக வரும். வராமல்போன கட்டுரைகளை, அதுவும் ஒரிஜினல் முழு நீளத்தில், இப்போது மெயிலில் அனுப்பியிருக்கிறார். அக்கா, உங்களை அன்றைக்குக் கேலரியில் வைத்து "உங்க பேப்பர் என்னத்தக் கிழிச்சது" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். மன்னித்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. ஆங்கிலப் பேப்பர்களிலும் ஓரளவு எழுதினார்கள், அதை மறைக்கக்கூடாது. எங்கள் வீட்டுக்கு வருவது தமிழ்ப் பேப்பர், என் ஆதங்கம் அதோடுதான்.

டிக்கெட்டின் கிழிந்த பாதியை லேமினேட் செய்து வைத்திருந்த காந்திபுரம் ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. நூறு ரூபாய் நோட்டை லேமினேட் பண்ணியிருந்தாக்கூட எம் பொண்டாட்டி சும்மா இருந்திருப்பாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்களே. ஸ்டேடியம் வாசலில் காளான் கடை போட்டிருந்த அம்மாவுக்கும் நன்றி, அவரிடம் படமோ கட்டிங்கோ எதுவும் இல்லை, ஆனால் அன்று ராத்திரி ரெண்டு தட்டு காளான் வாங்கிக்கொண்டு காசு கொடுக்க மறந்து ஓடிய பையன் மூன்றாம் நாள் தேடி வந்து கொடுத்ததை நினைவாகச் சொன்னார். ஃப்ளெக்ஸ் அடக்க விலைக்கு அடித்துக்கொடுத்தவருக்கு, பழைய போனை உயிர்ப்பித்து அதிலிருந்து படங்களை மீட்டுக்கொடுத்த செல்போன் கடைத் தம்பிக்கு, எல்லோருக்கும்.

மொத்தம் 73 படம், 11 வீடியோ, ரெண்டு மொழிக் கட்டிங், ஒரு நோட்டு. அப்புறம் அந்த நாலு வரி. மருமகன் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, முதல் பக்கத்தில் அந்த நாலு வரியை மட்டும் தனியாக ஒட்டி, சுற்றிலும் காலியாக விட்டிருக்கிறான். ஏன்டா காலியா விட்டிருக்கே என்று கேட்டால், "அவங்களும் காலியாத்தானே விட்டாங்க" என்கிறான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இப்ப அந்த டீம் எங்க மாமா? அந்தக் காலத்தில் ஐ-லீக் ஜெயித்தாலும் ஐஎஸ்எல்லுக்கு ஏற முடியாது. நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார், எட்வின் சென்னையினுக்கு, மான்சி ஜப்பானுக்கு. சென்னை சிட்டி ஐ-லீக்கில் கடைசியாக ஆடியது 2020-21 சீசனில். அன்று நம்மிடம் தோற்ற மினர்வா கை மாறிப் பஞ்சாப் எஃப்சி ஆகி, 2023ல் ஐ-லீக் ஜெயித்து மேலே ஏறியது, அப்போது விதி மாறியிருந்தது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். எழுதிக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை.

சில சில்லறை வேலைகள் பாக்கி. கொல்கத்தாத் தம்பி, உங்கள் பேப்பரை ஒட்டவில்லை, கலர் ஜெராக்ஸ்தான் ஒட்டினோம், ஒரிஜினல் திங்கட்கிழமை கூரியரில் கிளம்புகிறது. ஆட்டோ அண்ணா, டிக்கெட் என்னிடம்தான் இருக்கிறது, ஸ்டாண்டுக்கு வந்து தருகிறேன். மாஸ்டர், நோட்டை நான் நேரில் கொண்டுவருகிறேன், அதைக் கூரியரில் விட எனக்கு மனசு வராது. அப்புறம் கேலரியில் ஜமாப் மேளம் அடித்த தம்பிகளில் ஒருவர் அனுப்பிய வீடியோ: 93வது நிமிடத்தில் கௌரவ் போரா தன்னுடைய ரெண்டாவது கோலைப் போட்டு 3-1 ஆக்கியபோது எடுத்தது. நீங்கள் குதித்த குதியில் அதில் கோல் தெரியவில்லை, ஃப்ளட்லைட்டும் யாருடையதோ ஒரு செருப்பும்தான் தெரிகிறது. பன்னிரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. முழு ஃபைல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், சத்தம் மட்டும் இருந்தாலும் போதும் என்கிறான் பையன்.